சொல்லித்தர முடியாத விளையாட்டு

இந்த எபிசோடை நான் ஒரு வரலாற்றுப் புத்தகத்தில் இருந்து ஆரம்பிக்கப் போறதில்லை. போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலையில் நடந்த விஷயத்தில் இருந்து ஆரம்பிக்கிறேன்.

நம்ம ஷோவை ரெகுலரா கேட்கிறவங்களுக்குத் தெரியும், திங்கள் முதல் வெள்ளி வரைக்கும் எனக்கு கோடு எழுதுற வேலை. ஞாயித்துக்கிழமை காலை ஆறரையில் இருந்து எட்டரை வரைக்கும் எங்க ஏரியா பூங்காவில் இருக்கிற பாஸ்கெட்பால் கோர்ட்டில் பசங்களுக்குச் சொல்லித்தர்றேன். காசு வாங்குறதில்லை. இஞ்சினியரிங் படிக்கும்போது காலேஜ் டீமில் இருந்தேன், பெரும்பாலும் பெஞ்சில். அந்தக் கடனை இப்படி அடைக்கிறேன்னு வெச்சுக்கோங்க.

அங்க வர்ற பசங்களில் ஒருத்தன் இருக்கான். 14 வயசு, அதுக்குள்ள ஆறடி. ஒரே வருஷத்தில் மடமடன்னு வளர்ந்துட்டான். கை ஒரு பக்கம் போகுது, கால் ஒரு பக்கம் போகுது. உயரமா இருக்கான்னு நானும் யோசிக்காம அவனை வளையத்துக்குக் கீழ நிக்க வெச்சுட்டேன். அன்னைக்கு பிராக்டிஸ் முடிஞ்சதும் பையை மாட்டிக்கிட்டு என்கிட்ட வந்தான். "அண்ணா, அடுத்த வாரத்துல இருந்து நான் வரல."

"ஏன்டா?"

கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கிட்டே நின்னான். அப்புறம் சொன்னான்: "நான் என்ன பண்ணாலும் தப்புன்னு சொல்றீங்கண்ணா. என்ன பண்ணணும்னு மட்டும் சொல்ல மாட்டேங்குறீங்க."

எனக்கு பதில் வரலை. சத்தியமா வரலை. பதில் வராதப்போ நான் வழக்கமா பண்றதைத்தான் பண்ணேன். வீட்டுக்குப் போய் வரலாறு படிக்க ஆரம்பிச்சேன். பாஸ்கெட்பாலை ஒருத்தருக்குச் சொல்லித்தர முடியும்ங்கிற எண்ணம் எப்போ வந்தது? யார் கண்டுபிடிச்சாங்க? இன்னைக்கு எபிசோடு அதைப் பத்தித்தான்.

கண்டுபிடிச்சவரே நம்பலை

1891 டிசம்பர். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம், ஸ்பிரிங்ஃபீல்டு ஊரில் இருந்த ஒய்எம்சிஏ பயிற்சிப் பள்ளி. ஜேம்ஸ் நெய்ஸ்மித், கனடாக்காரர், வயசு 30. அவர்கிட்ட 18 மாணவர்கள் கொண்ட ஒரு வகுப்பை ஒப்படைச்சாங்க. வெளியே பனி. உள்ளே ஜிம்மில் தினமும் அதே கையைத் தூக்கு, காலைத் தூக்கு உடற்பயிற்சி. பசங்களுக்கு சலிப்பு தாங்கலை. குளிர்காலத்தில் கூரைக்குக் கீழே விளையாடுற மாதிரி ஏதாவது கண்டுபிடிங்கன்னு மேலிடத்தில் சொன்னாங்க.

நெய்ஸ்மித் 13 விதிகளை எழுதினார். ஒரு கால்பந்து எடுத்தார். பீச் பழம் அடுக்குற கூடை ரெண்டை ஜிம்மின் பால்கனிக் கம்பியில் மாட்டினார். அந்த பால்கனி தரையில் இருந்து 10 அடி உயரம். இன்னைக்கு உலகம் முழுக்க, எங்க பூங்கா உட்பட, வளையம் 10 அடியில் இருக்கிறதுக்கு வேற காரணம் எதுவும் இல்லை. நம்ம பாஷையில் சொல்லணும்னா, ஹார்டுகோடு பண்ண நம்பர் அப்படியே புரொடக்‌ஷனுக்குப் போயிடுச்சு.

ஒரு பக்கத்துக்கு 9 பேர். முதல் ஆட்டத்தின் ஸ்கோர் 1-0. மொத்த ஆட்டத்திலும் ஒரே ஒரு கூடை.

கவனிக்க வேண்டிய விஷயம் என்னன்னா, அந்த 13 விதிகளில் டிரிபிளிங் இல்லை. பந்தைப் பிடிச்ச இடத்தில் இருந்துதான் எறியணும், பந்தோட ஓடக்கூடாது. அவ்வளவுதான். பிடி, எறி. இதில் தனியா உட்கார்ந்து பயிற்சி பண்ண என்ன இருக்கு?

1898-ல் நெய்ஸ்மித் கான்சஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்க பாஸ்கெட்பால் டீமையும் பார்த்துக்கிட்டார். அவரோட ரெக்கார்டு 55 வெற்றி, 60 தோல்வி. கான்சஸ் டீமின் வரலாற்றில் தோல்விக் கணக்கோட போன ஒரே கோச், விளையாட்டைக் கண்டுபிடிச்சவர்தான்! அவர் அதைப் பத்திக் கவலைப்பட்ட மாதிரியும் தெரியலை. அவருக்கு இது உடம்பையும் குணத்தையும் வளர்க்கிற குளிர்காலப் பயிற்சி.

அவரோட டீமில் ஃபாரஸ்ட் ஆலன்னு ஒரு மாணவர் விளையாடினார். எல்லாரும் கூப்பிடுறது 'ஃபாக்' ஆலன். பக்கத்தில் இருந்த பேக்கர் பல்கலைக்கழகத்தில் பாஸ்கெட்பால் கோச் வேலை கிடைச்சிருக்குன்னு ஆலன் வந்து சொன்னப்போ, நெய்ஸ்மித் சிரிச்சுட்டார்னு ஒரு கதை உண்டு. இந்த விளையாட்டுக்கு கோச் பண்ண முடியாது, சும்மா விளையாடத்தான் முடியும்னு சொன்னாராம். ரொம்பக் காலமா சொல்லப்பட்டு வர்ற கதை. வார்த்தை முன்னப்பின்ன இருந்தாலும், அந்தக் காலத்து மனநிலை அதில் அப்படியே இருக்கு.

ஆலன் கேட்கலை. வேலையில் சேர்ந்தார். அப்புறம் கான்சஸுக்கே திரும்பி வந்து, 1956 வரைக்கும் கோச்சா இருந்தார். அவர்கிட்ட விளையாடின அடால்ஃப் ரப், டீன் ஸ்மித் ரெண்டு பேரும் பின்னாடி அமெரிக்கக் கல்லூரி பாஸ்கெட்பாலின் பெரிய கோச்சுகள் ஆனாங்க. சொல்லித்தர முடியாதுன்னு சொன்னவரோட மாணவர்கிட்ட இருந்துதான் சொல்லித்தர்றவங்க பரம்பரையே கிளம்புச்சு.

ஒரு ஓட்டை, ஒரு போராட்டம்

அப்போ டிரிபிளிங் எங்கிருந்து வந்தது? விதியில் இருந்த ஓட்டையில் இருந்து வந்தது.

பந்தோட ஓடக்கூடாதுன்னு விதி இருக்கு. எதிராளி நாலு பேர் சுத்தி நிக்கிறாங்க. பாஸ் கொடுக்க ஆள் இல்லை. யாரோ ஒருத்தர் யோசிச்சிருக்கார்: நானே எனக்கு பாஸ் கொடுத்துக்கிட்டா என்ன? பந்தைத் தரையில் தட்டி, தானே போய் எடுத்தார். விதிப்படி அது ஓடினது ஆகாது. 1890-கள் முடியறதுக்குள்ள டீம்கள் இதை ஒரு ஆயுதமாவே பயன்படுத்த ஆரம்பிச்சுட்டாங்க. அந்தக் காலத்துப் பந்தில் மேல லேஸ் கட்டியிருக்கும். லேஸ் இருக்கிற பக்கம் தரையில் பட்டா பந்து எங்க போகும்னு யாருக்கும் தெரியாது. அதையும் சமாளிச்சு தட்டிக்கிட்டுப் போனவங்களுக்குக் கையில் ஒரு வித்தை வந்துடுச்சு. பாஸ்கெட்பாலில் 'தனியா உட்கார்ந்து பழகணும்'ங்கிற முதல் திறமை இதுதான்.

1927-ல் விதிகள் கமிட்டி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாங்க. இனிமேல் ஒரு தடவைதான் பந்தைத் தட்டலாம். கிட்டத்தட்ட டிரிபிளிங்கை ஒழிக்கிற முடிவு. அதை எதிர்த்து கோச்சுகள் ஒண்ணு சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. தலைமை வேற யாரும் இல்ல, ஃபாக் ஆலன்தான். கமிட்டி பின்வாங்கிடுச்சு. அமெரிக்கக் கல்லூரி கோச்சுகளின் தேசிய சங்கம் இன்னைக்கும் இருக்கு. அது பிறந்ததே ஒரு திறமையைக் காப்பாத்தத்தான்.

நம்ம ஊர் கிளை

இந்த இடத்தில் ஒரு நிமிஷம் சென்னைக்கு வருவோம். வலுக்கட்டாயமா இழுத்துட்டு வரலை, உண்மையிலேயே ஒரு நூல் இருக்கு.

ஸ்பிரிங்ஃபீல்டில் படிச்சவங்க ஒய்எம்சிஏ வழியா உலகம் முழுக்கப் போனாங்க. போன இடத்துக்கெல்லாம் பாஸ்கெட்பாலையும் கொண்டு போனாங்க. அப்படி மெட்ராஸுக்கு வந்தவர் ஹாரி குரோ பக். 1920-ல் இங்க ஒய்எம்சிஏ உடற்கல்விக் கல்லூரியை ஆரம்பிச்சார். நாம புத்தகக் கண்காட்சிக்குப் போய் பஜ்ஜி சாப்பிடுற அதே நந்தனம் ஒய்எம்சிஏதான். உடற்கல்வி ஆசிரியர்களைப் பயிற்சி கொடுத்து உருவாக்குறதுக்கு இந்தப் பக்கம் முதலில் வந்த கல்லூரி அது.

ஆனா ஒரு வார்த்தையை கவனிங்க. நம்ம அப்பா தலைமுறை பி.டி. சாரை என்னன்னு கூப்பிட்டாங்க? டிரில் மாஸ்டர். அந்த டிரில் ராணுவத்தில் இருந்து வந்தது. ஒரு விசில், நூறு பசங்க, எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி கையைத் தூக்கணும். யார் தூக்கலையோ அவனுக்கு அடி. அதில் தனி ஆள் கிடையாது, வரிசைதான்.

பாஸ்கெட்பால் டிரில்லுக்கும் அதே பேர்தான். நோக்கம் நேர் எதிர். ஒரு ஆள், அவனோட ஒரு குறை, அதுக்குன்னு ஒரு பயிற்சி. இந்த மாற்றம் எப்போ நடந்ததுன்னு தேடினா, சிகாகோவில் ஒரு வருஷத்தில் போய் நிக்கும்: 1942.

கண்ணாடி போட்ட நெட்டையன்

ஜார்ஜ் மைக்கன். 6 அடி 10 அங்குலம். தடிமனான மூக்குக்கண்ணாடி. நடை தடுமாற்றம். அந்தக் காலத்தில் ரொம்ப உயரமா இருந்தா பாஸ்கெட்பாலுக்கு லாயக்கில்லைன்னு நினைச்சாங்க. நம்ப முடியுதா? உயரமானவங்க மந்தமா இருப்பாங்க, வேகமான ஆட்டத்துக்கு செட் ஆக மாட்டாங்கங்கிறது எண்ணம். நோட்ர டேம் பல்கலைக்கழகத்தில் போய் முயற்சி பண்ணிப் பார்த்தார். வேண்டாம், சிகாகோவுக்கே திரும்பிப் போன்னு அனுப்பிட்டாங்க.

சிகாகோவில் டிபால் பல்கலைக்கழகம். அங்க புதுசா கோச்சா வந்தவர் ரே மேயர். வயசு 28. அவர் பார்த்தது ஒரு தடுமாறுற நெட்டையனைத்தான், ஆனா அவர் கேட்ட கேள்வி வேற. 'இவனுக்கு என்ன வரலை'ன்னு ஒரு பட்டியல் போட்டார். ஒவ்வொண்ணுக்கும் ஒரு பயிற்சி கண்டுபிடிச்சார்.

கால் வேகம் இல்லையா? கயிறு தாண்டு. கையும் காலும் ஒத்துப் போகலையா? குத்துச்சண்டைக்காரங்க மாதிரி நிழலோட சண்டை போடு. உடம்பில் லயம் இல்லையா? நடனம் கத்துக்கோ. நிஜமாவே மைக்கனுக்கு டான்ஸ் சொல்லித்தர ஏற்பாடு பண்ணார். இடது கை வரலையா? தினமும் நூத்துக்கணக்கில் ஹூக் ஷாட், வலது கையில் எவ்வளவோ இடது கையிலும் அவ்வளவு.

அந்த ஹூக் ஷாட் பயிற்சிக்கு இன்னைக்கும் 'மைக்கன் டிரில்'னு தான் பேரு. எப்படின்னு சொல்றேன், கேட்டுக்கிட்டே மனசில் பண்ணிப் பாருங்க. வளையத்துக்கு நேர் கீழ நில்லுங்க. இடது காலை வெச்சு எழும்பி, வலது கையால் போர்டில் பட்டு உள்ள விழற மாதிரி போடுங்க. வலையில் இருந்து விழற பந்தைத் தரையில் விடாம ரெண்டு கையாலயும் பிடிங்க. பந்து தோளுக்குக் கீழ இறங்கக்கூடாது. உடனே அந்தப் பக்கம் வலது காலை வெச்சு எழும்பி, இடது கையால். பிடி. மறுபடி வலது. நிறுத்தாம.

முப்பது செகண்டு பண்ணிப் பாருங்க, மூச்சு வாங்கும். இந்த ஒரே பயிற்சியில் எத்தனை விஷயம் இருக்குன்னு பாருங்க. எந்தக் கைக்கு எந்தக் கால் எழும்பணும்னு உடம்புக்குத் தெரிஞ்சுடும். வராத கை வந்துடும். எல்லாத்துக்கும் மேல, உயரமானவன் பண்ற பெரிய தப்பு ஒண்ணு இருக்கு. உயரத்தில் பிடிச்ச பந்தை இடுப்புக்குக் கொண்டு வர்றது. கொண்டு வந்தா, குள்ளமானவன் தட்டிட்டுப் போயிடுவான். அந்தப் பழக்கம் போயிடும். யாரும் 'டேய், பந்தை இறக்காத'ன்னு கத்த வேண்டாம். பயிற்சியின் அமைப்பே அதைச் சொல்லித்தந்துடுது.

விளைவு? 1945-ல் நியூயார்க்கில் நடந்த என்ஐடி போட்டியின் அரையிறுதியில் ரோட் ஐலண்டு ஸ்டேட்டை டிபால் 97-53-ன்னு ஜெயிச்சது. அதில் மைக்கன் மட்டும் 53. எதிரணி மொத்தமா போட்டதும் 53. அந்த வருஷம் டிபால் கோப்பையையும் தூக்குச்சு. மைக்கனும், ஒக்லஹோமா ஏ அண்ட் எம் டீமின் பாப் கர்லாண்டும் வளையத்துக்கு மேல வர்ற பந்தைத் தட்டிவிட்டுக்கிட்டே இருந்ததால், கீழ இறங்குற ஷாட்டைத் தொடக்கூடாதுன்னு கல்லூரி ஆட்டத்தில் புது விதியே வந்தது.

அப்புறம் மினியாபொலிஸ் லேக்கர்ஸ். இன்னைக்கு லாஸ் ஏஞ்சலஸில் இருக்கிற அதே லேக்கர்ஸ். அவரை வளையத்துக்குப் பக்கத்தில் நிக்க விடாம இருக்க 1951-ல் என்பிஏ அந்தப் பெயின்ட் ஏரியாவை 6 அடியில் இருந்து 12 அடியா அகலப்படுத்தினாங்க. 1950 நவம்பர் 22-ல் ஃபோர்ட் வெய்ன் பிஸ்டன்ஸ் டீம், மைக்கன் கையில் பந்து போகவே கூடாதுன்னு முழு ஆட்டமும் பந்தைக் கையிலேயே வெச்சுக்கிட்டு நின்னாங்க. ஸ்கோர் 19-18. லேக்கர்ஸ் தோத்துட்டாங்க. அந்த 18-ல் 15 மைக்கன் போட்டது. என்பிஏ வரலாற்றிலேயே குறைஞ்ச ஸ்கோர் அது. இப்படியே போனா யாரும் டிக்கெட் வாங்க மாட்டாங்கன்னு புரிஞ்சு, 1954-ல் 24 செகண்டு ஷாட் கிளாக் வந்தது.

தடுமாறி நடந்த ஒரு பையனை ஒரு இளம் கோச் பொறுமையா பழக்கினார். விளையாட்டின் விதிகளே மாற வேண்டியதாயிடுச்சு. அதே மைக்கன் 1967-ல் ஏபிஏ லீகின் முதல் கமிஷனர் ஆனார். மூணு பாயின்ட் கோட்டைப் பிரபலப்படுத்தினது அந்த லீக்தான். இன்னைக்கு எங்க பசங்க ஸ்டெஃப் கரி மாதிரி தூரத்தில் இருந்து போடணும்னு அடம் பிடிக்கிறாங்கன்னா, அதுக்குப் பின்னாடியும் அந்த நெட்டையன் இருக்கார்.

நோட்டுப் புத்தகத்தோட ரெண்டு சைக்காலஜிஸ்டுகள்

அடுத்து ஜான் வுடன். 1948-ல் யூசிஎல்ஏ-வுக்கு கோச்சா வந்தார். முதல் சாம்பியன்ஷிப் ஜெயிக்க 16 வருஷம் ஆச்சு. 1964-ல் முதல் பட்டம். அதில் இருந்து 1975 வரைக்கும் 12 வருஷத்தில் 10 பட்டம். இந்த ரெக்கார்டு பக்கத்தில் யாரும் வரலை.

அவர் அடிப்படையில் ஒரு ஸ்கூல் இங்கிலீஷ் வாத்தியார். சீசனின் முதல் நாள் அவர் சொல்லித்தர்ற முதல் பாடம் பிரபலம்: சாக்ஸ் போடுறது எப்படி. சுருக்கம் இல்லாம இழுத்து விடணும். சுருக்கம் இருந்தா கொப்புளம், கொப்புளம் வந்தா பிராக்டிஸ் போச்சு. வந்து உட்கார்ந்திருக்கிறவங்க நாட்டிலேயே சிறந்த பிளேயர்ஸ்!

ரெண்டு மணி நேர பிராக்டிஸுக்கு அன்னைக்கு காலையில் உதவி கோச்சுகளோட உட்கார்ந்து நிமிஷக் கணக்கில் பிளான் போடுவார். அதைச் சின்ன அட்டையில் எழுதி பாக்கெட்டில் வெச்சுப்பார். ஒரு டிரில் சில நிமிஷம்தான், உடனே அடுத்தது. பழைய பிளான்களைப் பல வருஷத்துக்குச் சேர்த்து வெச்சிருந்தார். போன வருஷம் இதே வாரத்தில் எதை எவ்வளவு நேரம் பண்ணோம், அது போதுமாங்கிறதை எடுத்துப் பார்ப்பார்.

1974-75 சீசன். ரான் கலிமோர், ரோலண்ட் தார்ப்னு ரெண்டு சைக்காலஜிஸ்டுகள். ஹவாயில் படிக்கக் கஷ்டப்படுற குழந்தைகளுக்கு எப்படிச் சொல்லித்தர்றதுன்னு ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு இருந்தவங்க. ஒரு தலைசிறந்த ஆசிரியரை நேரில் பார்க்கணும்னு வுடனின் பிராக்டிஸுக்கு வந்து காலரியில் உட்கார்ந்தாங்க. வீராவேசப் பேச்சு, பாராட்டு, தண்டனை ஓட்டம் எல்லாம் இருக்கும்னு எதிர்பார்த்தாங்க. எதுவும் இல்லை. அந்தப் பெரியவர் வாயில் இருந்து குட்டி குட்டி வாக்கியங்கள் வந்துக்கிட்டே இருந்தது.

வுடன் பேசினது ஒவ்வொண்ணையும் வகை பிரிச்சு எண்ணினாங்க. மொத்தம் 2,326. அதில் பாராட்டு 6.9 சதவீதம். அதிருப்தி 6.6 சதவீதம். 75 சதவீதம் வெறும் தகவல். எதை, எப்படி, எப்போ பண்ணணும். அவ்வளவுதான். தப்பு பண்ணா, சரியான முறையைச் செஞ்சு காட்டுவார், அந்தப் பையன் செஞ்ச தப்பைச் செஞ்சு காட்டுவார், மறுபடி சரியானதைச் செஞ்சு காட்டுவார். எல்லாம் மூணு நாலு செகண்டில்.

இதை 1976-ல் கட்டுரையா எழுதினாங்க. பல வருஷம் கழிச்சு, 2004-ல் அதே கட்டுரையைத் திரும்பிப் பார்த்து இன்னொண்ணு எழுதினப்போ, வுடனோட பிளானிங்குக்கு ரொம்ப முக்கியத்துவம் கொடுத்தாங்க. அந்த மூணு செகண்டு வாக்கியம் திடீர்னு வந்தது இல்லை. ஒவ்வொரு பிளேயருக்கும் இன்னைக்கு என்ன தேவைன்னு காலையிலேயே யோசிச்சு வெச்சதால்தான் நாக்கு நுனியில் இருந்தது.

இதன் இன்னொரு பக்கம்

டிரில்னாலே நல்லதுன்னு நான் சொல்ல வரலை. பீட் மராவிச் கதையையும் சொல்லணும்.

அவரோட அப்பா பிரெஸ் மராவிச் ஒரு கோச். பையனுக்காகவே புதுசு புதுசா பந்துப் பயிற்சிகள் கண்டுபிடிச்சார். சைக்கிள் ஓட்டிக்கிட்டே டிரிபிள் பண்றது. ஓடுற காரில் கதவுப் பக்கம் சாய்ஞ்சு வெளியே கையை நீட்டி ரோட்டில் டிரிபிள் பண்றது, அப்பா காரின் வேகத்தைக் கூட்டிக் குறைப்பார். சினிமா தியேட்டரில் ஓரத்து சீட்டில் உட்கார்ந்து நடைபாதையில் பந்து தட்டுறது.

லூசியானா ஸ்டேட்டில் அப்பாவே கோச். மூணு சீசனில் பீட் 3,667 பாயின்ட் போட்டார். ஆட்டத்துக்கு சராசரி 44.2. மூணு பாயின்ட் கோடே இல்லாத காலம். ஆண்கள் ஆட்டத்தில் இந்தச் சாதனை இன்னும் நிக்குது. 2024-ல் கெய்ட்லின் கிளார்க் தான் அந்த எண்ணைத் தாண்டினார்.

ஆனா அந்த மூணு வருஷமும் டீம் என்சிஏஏ போட்டிக்குள்ளயே போகலை. ஒரு ஆளோட கை அவ்வளவு தேர்ந்து போயிருந்தும், டீம் அந்த உயரத்துக்கு வரலை. கடைசிக் காலத்தில் பீட் அந்தப் பயிற்சிகளையெல்லாம் குழந்தைகளுக்காக வீடியோவா பதிவு பண்ணி வெச்சார். 1988 ஜனவரி 5, 40 வயசு. நண்பர்களோட சும்மா ஆடிக்கிட்டு இருந்தப்போ கோர்ட்டிலேயே விழுந்து இறந்துட்டார். பிறவியிலேயே இதயத்தில் இடது கரோனரி தமனி இல்லைன்னு அப்புறம்தான் தெரிஞ்சது. யாருக்கும் தெரியாம அந்த இதயத்தோடதான் அத்தனை வருஷம் ஆடியிருக்கார்.

மேயர் பட்டியல் போட்டது மைக்கனுக்கு என்ன தேவைன்னு பார்த்து. பிரெஸ் பயிற்சி கண்டுபிடிச்சப்போ அது பையனோட ஆசையா, தன்னோட ஆசையா? எனக்கு அது பிரிச்சுச் சொல்ற விஷயமா தெரியலை. ஆனா ஞாயித்துக்கிழமை கோர்ட்டில் நிக்கிற ஒவ்வொருத்தரும் கேட்டுக்க வேண்டிய கேள்விதான்.

என்னோட எண்ணிக்கை

சரி, நம்ம பூங்காவுக்குத் திரும்புவோம்.

கலிமோரும் தார்ப்பும் பண்ணதை நானும் பண்ணேன். என்கிட்ட மைக் இருக்கே! அந்தப் பையன் வரலைன்னு சொன்னதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி, ஷோவுக்கு பின்னணி சத்தம் வேணும்னு காலரில் மைக் மாட்டிக்கிட்டு முழு பிராக்டிஸையும் பதிவு பண்ணியிருந்தேன். அந்த ஃபைலைத் திறந்து ரெண்டு மணி நேரம் என் குரலை நானே கேட்டேன். ஸ்ப்ரெட்ஷீட்டில் ஒவ்வொண்ணா போட்டேன்.

மொத்தம் 312. 'சூப்பர்', 'செம', 'குட்' வகை 71. 'டேய்', 'என்னடா பண்ற', 'எத்தனை தடவை சொல்றது' வகை 148. தகவல் 93. அதாவது முப்பது சதவீதம்.

அந்தப் பையனை மட்டும் ஃபில்டர் பண்ணிப் பார்த்தேன். அவன்கிட்ட நான் பேசினது 22. அதில் தகவல் ரெண்டு. அதில் ஒண்ணு, 'கையை மேல வை'. எந்தக் கை, எப்போ, எவ்வளவு மேலன்னு இல்லை. மீதி இருபதும் அவன் பேரையே திட்டு மாதிரி சொன்னது.

கோடு ரிவ்யூவில் யாராவது என் கோடுக்குக் கீழ 'இது தப்பு'ன்னு மட்டும் எழுதிட்டுப் போனா எனக்கு எவ்வளவு கோபம் வரும்னு யோசிச்சேன். அதையே நான் ஒரு 14 வயசுப் பையனுக்கு வாராவாரம் பண்ணியிருக்கேன். அவன் சரியாத்தான் சொன்னான். என் ஸ்ப்ரெட்ஷீட்டை விடத் தெளிவா சொன்னான்.

அவனுக்கு போன் பண்ணேன். "டேய், நீ சொன்னது கரெக்டு. எண்ணிப் பார்த்துட்டேன்"னு சொன்னேன். "எண்ணிப் பார்த்தீங்களா?"ன்னு சிரிச்சான். ஒரு ஞாயித்துக்கிழமை மட்டும் வா, பிடிக்கலைன்னா நானே வர வேண்டாம்னு சொல்லிடறேன்னேன்.

வந்தான். சனிக்கிழமை ராத்திரியே ஒரு அட்டையில் எழுதி வெச்சிருந்தேன். அவன் பேருக்கு எதிரே ஒரே வரி. மைக்கன் டிரில், அஞ்சு நிமிஷம், பந்து தோளுக்குக் கீழ வரக்கூடாது. நானே முதலில் பண்ணிக் காட்டினேன். அவன் மாதிரி பந்தை இடுப்புக்கு இறக்கிப் பண்ணிக் காட்டினேன். மறுபடி சரியா பண்ணிக் காட்டினேன். அப்புறம் வாயை மூடிக்கிட்டேன். இது ரொம்பக் கஷ்டமான பகுதி, நம்புங்க.

முதல் பத்து தடவை கால் மாறிப் போச்சு. பந்து மூஞ்சியில் விழுந்தது. ஒரு தடவை தொடர்ந்து நாலு போட்டான். வலது, இடது, வலது, இடது. அஞ்சாவது போர்டு ஓரத்தில் பட்டு சாலை வரைக்கும் போச்சு. ஓடிப் போய் எடுத்துட்டு வந்தான். நான் எதுவும் சொல்றதுக்கு முன்னாடியே, "வலது கால் வெச்சுட்டேன்ல ண்ணா?"ன்னு கேட்டான்.

ஆமாடான்னேன். வேற எதுவும் சொல்லத் தேவைப்படலை.

அன்னைக்கும் பதிவு பண்ணேன். தகவல் 48 சதவீதம். வுடன் பக்கத்தில் போக இன்னும் தூரம் இருக்கு. அந்தப் பையன் அடுத்த வாரமும் வந்தான், அதுக்கு அடுத்த வாரம் பரீட்சைன்னு வரலை. வருவான்னு நினைக்கிறேன். வரலைன்னாலும், அட்டையில் அவன் பேருக்கு எதிரே ஒரு வரி எழுதி வெச்சிருப்பேன்.

நீங்க யாருக்காவது ஏதாவது சொல்லித்தர்றீங்கன்னா, டியூஷனோ, ஆபீஸில் புதுசா சேர்ந்த ஜூனியரோ, வீட்டில் தம்பி தங்கச்சியோ, ஒரு நாள் போனில் ரெக்கார்டு போட்டு எண்ணிப் பாருங்க. கேட்கவே கூச்சமா இருக்கும், சொல்லிட்டேன். உங்க எண்ணிக்கையை எனக்கு அனுப்புங்க, அடுத்த எபிசோடில் பேசலாம். அதுவரைக்கும், பந்தைத் தோளுக்குக் கீழ இறக்காதீங்க.